பி.டி.எஸ். 456 குவாசரின் எக்ஸ் கதிர் நிறமாலையில் இரண்டு பள்ளங்கள்: இரண்டும் காற்றுதானா?

காரைக்குடி மாணவன் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். காரைக்குடியில் முதுகலை இயற்பியல் படிக்கிறேன். ஒளிர்வு மிகுந்த செயல்படு விண்மீன் மண்டலங்களின் மையக் கருந்துளையை ஒட்டிய பகுதியிலிருந்து வெளியே வீசும் காற்றை எக்ஸ் கதிர் நிறமாலையைக் கொண்டு அறிவது எப்படி என்பதைத் திட்டக் கட்டுரைக்கு எடுத்துக்கொண்டேன். அதற்காக எக்ஸ்எம்எம்-நியூட்டன் செயற்கைக்கோளின் பொதுக் காப்பகத்திலிருந்து பி.டி.எஸ். 456 என்ற குவாசரின் (மையக் கருந்துளையில் பொருள் விழுவதால் பேரொளி வீசும் மண்டல மையம்) பழைய அவதானிப்பு ஒன்றைத் தரவிறக்கி, எபிக்-பி.என். கேமராவின் தரவை மட்டும் எடுத்து, எக்ஸ்ஸ்பெக் மென்பொருளில் பொருத்திப் பார்த்தேன்.

3 முதல் 10 கிலோ எலக்ட்ரான் வோல்ட் வரை ஓர் எளிய அடுக்கு விதிக் கோட்டை வைத்தவுடன், தரவுக்கும் மாதிரிக்கும் உள்ள விகிதத்தைக் காட்டும் படத்தில் இரண்டு இடங்கள் 1-க்குக் கீழே இறங்கி நிற்கின்றன. ஒன்று 7.6 கிலோ எலக்ட்ரான் வோல்ட் (கி.எ.வோ.) அருகே உள்ள அகன்ற பள்ளம். அதன் இரு கரைகளும் மெல்லச் சரிகின்றன. மற்றொன்று 8.05 கி.எ.வோ. இடத்தில், மூன்று நான்கு புள்ளிகள் மட்டும் சேர்ந்து செங்குத்தாக இறங்கியிருக்கும் குறுகிய பள்ளம். இரண்டுக்கும் காஸ் வடிவ உட்கவர் கோடு (குறிப்பிட்ட ஆற்றலுள்ள கதிரை வாயு விழுங்குவதால் விழும் பள்ளம்) ஒவ்வொன்றைச் சேர்த்தால் கை-வர்க்கம் (தரவிலிருந்து மாதிரி எவ்வளவு விலகுகிறது என்ற அளவு) நன்றாகவே குறைகிறது.

இந்தக் குவாசரின் செம்பெயர்ச்சி (அண்டம் விரிவதால் அதன் ஒளி ஆற்றல் குறைந்து நம்மை வந்தடையும் அளவு) 0.184. ஆகவே 7.6 என்பது குவாசரின் சொந்தச் சட்டகத்தில் 9.0 கி.எ.வோ. ஆகிறது. ஒரே ஓர் எலக்ட்ரான் மிஞ்சிய இரும்பு அயனியின் 6.97 கோடுதான் நம்மை நோக்கி வரும் வேகத்தால் இவ்வளவு மேலே ஏறியிருக்கிறது என்று கொண்டால், சார்பியல் டாப்ளர் சமன்பாட்டின்படி வேகம் ஒளியின் வேகத்தில் 0.25 பங்கு. இரண்டு எலக்ட்ரான் மிஞ்சிய இரும்பின் 6.70 கோடு என்று கொண்டால் 0.29 பங்கு. 8.05 பள்ளத்தை 6.97-உடன் ஒப்பிட்டால் 0.30 பங்கு வருகிறது. எக்ஸ்ரிஸம் செயற்கைக்கோள் இதே குவாசரில் 0.2 முதல் 0.3 பங்கு வரையிலான பல வேகங்களில் காற்றைக் கண்டதாக 2025-இல் செய்தி வந்ததல்லவா? என் இரண்டு பள்ளங்களும் அந்த வரம்பிலேயே விழுகின்றன.

இவற்றை இருவேகக் காற்று என்று எழுதலாமா என்பது என் முதல் ஐயம். வேகம் கிடைத்துவிட்டது என்றே வைத்துக்கொண்டாலும், அதிலிருந்து "இந்தக் காற்று விண்மீன் மண்டலம் முழுவதையும் பாதிக்கும்" என்ற முடிவுக்கு எந்த வழியாகப் போகிறார்கள் என்பது இரண்டாவது ஐயம். நான் படித்த கட்டுரைகள் இரண்டாவதை ஒரே பத்தியில் கடந்துவிடுகின்றன.

கண்டனூர் ஆச்சி எழுதியது:

தம்பி, படத்தை இவ்வளவு நுணுக்கமாக விவரித்தது நல்லதாயிற்று. அந்த விவரத்திலேயே பாதி விடை இருக்கிறது. 7.6 பற்றிப் பிறகு பேசலாம். 8.05 என்ற எண்ணைக் கண்டவுடன் எனக்குக் குவாசர் நினைவுக்கு வரவில்லை, செம்புதான் வந்தது.

செம்பின் கே-ஆல்பா கோடு 8.05 கி.எ.வோ. எபிக்-பி.என். கேமராவின் உணர்விக்குப் பின்னால் மின்னணுச் சுற்றுப் பலகை இருக்கிறது. விண்வெளியில் எந்நேரமும் பாயும் ஆற்றல் மிக்க துகள்கள் அந்தப் பலகையில் மோதும்போது அதிலுள்ள செம்பும் நிக்கலும் துத்தநாகமும் தத்தம் எக்ஸ் கதிரை உமிழ்கின்றன: நிக்கல் 7.5-ஐ ஒட்டி, செம்பு 8.05-இல், துத்தநாகம் 8.6-ஐ ஒட்டி. எந்த வானப் பொருளை நோக்கியிருந்தாலும் இந்தக் கோடுகள் தரவில் இருந்தே தீரும்.

இதில் கவனிக்க வேண்டியது, செம்புக் கோடு உணர்வியின் பரப்பெங்கும் ஒரே அளவில் இல்லை என்பதாகும். பலகையின் அமைப்பு காரணமாக நடுப்பகுதியில் மிகக் குறைவாகவும் அதைச் சுற்றி வெளியே வலுவாகவும் இருக்கிறது. செம்பு ஆற்றலில் மட்டும் ஒரு படம் வரைந்தால் நடுவில் ஓட்டை விழுந்ததுபோலத் தெரியும். நாம் நோக்கும் பொருள் அந்த ஓட்டைக்குள் அமர்ந்திருக்கும். பொருளின் தரவிலிருந்து கழிக்க வேண்டிய பின்னணியை அளக்க வேறிடத்தில் ஒரு வட்டம் போடும்போது, பொருளின் ஒளி கலக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில் எல்லாரும் தள்ளிப்போய்ப் போடுகிறார்கள். அங்கே செம்பு நிறைய இருக்கும். பொருளின் இடத்தில் இல்லாத செம்பைப் பொருளிலிருந்து கழித்தால், 8.05 இடத்தில் பள்ளம் விழாமல் வேறென்ன ஆகும்? இந்தக் குவாசரின் ஒளி 7 கி.எ.வோ.-வுக்கு மேல் வேகமாக மங்கிவிடுவதால் அங்கே பின்னணியின் பங்கு கூடுதல். ஆகவே பிழையும் பெரிதாகவே தெரியும்.

செய்ய வேண்டியதைச் சொல்கிறேன். முதலில் பின்னணி நிறமாலையைத் தனியாக வரைந்து பாருங்கள், 8.05-இல் மேடு எழும்பி நின்றால் ஐயம் வலுத்தது. பிறகு பின்னணி வட்டத்தைச் சற்றுச் சிறிதாக்கி, செம்பு குறைந்த நடுப்பகுதிக்குள்ளேயே பொருளுக்கு அருகில் வைத்து, மறுபடி கழித்துப் பாருங்கள். அதே அவதானிப்பில் செயற்கைக்கோளின் மற்ற இரண்டு கேமராக்களான மாஸ் கேமராக்களும் ஓடியிருக்கும். அவற்றின் பின்னணியில் அலுமினியமும் சிலிக்கானும் உண்டு, இந்தச் செம்புத் தொல்லை இல்லை. 8 கி.எ.வோ. பக்கம் அவற்றின் உணர்திறன் குறைவுதான் என்றாலும், பி.என். காட்டும் பள்ளம் உண்மையானால் அவற்றில் ஒரு சாயலாவது தெரிய வேண்டும்.

பள்ளத்தின் அகலத்தையும் சேர்த்துப் பாருங்கள். பி.என். கேமராவின் பகுதிறன் (நெருங்கிய இரு ஆற்றல்களைப் பிரித்துக் காட்டும் அளவு) இந்த ஆற்றலில் 150 எலக்ட்ரான் வோல்ட் அளவு. உங்கள் குறுகிய பள்ளம் ஏறத்தாழ அந்த அகலமே உள்ளதாகத் தெரிகிறது. கருவியிலேயே பிறந்த கோடு அப்படித்தான் இருக்கும். பல ஆண்டு இடைவெளியில் எடுத்த வேறு இரண்டு அவதானிப்புகளையும் இறக்கிப் பார்த்து, 8.05 ஓர் இம்மியும் நகராமல் நின்றால் அது வானத்தைச் சேர்ந்ததன்று என்று துணிந்து எழுதலாம். பி.டி.எஸ். 456-இன் மெய்யான உட்கவர் கோடு ஓரிடத்தில் நிற்பதில்லை. குவாசரின் எக்ஸ் கதிர் ஒளிர்வு கூடும்போது காற்றின் வேகமும் கூடுவதாக 2017-இல் வெளியான ஆய்வு பல ஆண்டுத் தரவுகளை ஒருசேர வைத்துக் காட்டியிருக்கிறது.

பள்ளத்தூர் வாசகர் எழுதியது:

ஆச்சி அவர்கள் சொன்னதுடன் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் செம்பை நீக்கிவிட்டால் மிஞ்சுவதெல்லாம் காற்று என்று தம்பி முடிவு கட்டிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

"கை-வர்க்கம் நன்றாகவே குறைகிறது" என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கே கோடு இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாத நிலையில், 7 முதல் 10 வரை தேடி, ஆழமாகத் தெரிந்த இடத்தில் கோட்டை வைத்த பிறகு குறைந்த கை-வர்க்கம் அது. வெறும் இரைச்சலிலும் எங்காவது ஒரு பள்ளம் இருக்கத்தான் செய்யும். இதற்கு எஃப்-சோதனையை (கூடுதல் கோடு உண்மையிலேயே தேவையா என்று பார்க்கும் புள்ளியியல் சோதனை) பயன்படுத்துவது தவறு என்று 2002-லேயே விரிவாக நிறுவிவிட்டார்கள். இன்றும் பயன்படுத்துகிறவர்கள் இருக்கிறார்கள். கோடே இல்லாத மாதிரியிலிருந்து ஆயிரம் போலி நிறமாலைகளையாவது உருவாக்கி, ஒவ்வொன்றிலும் அதே வரம்பு முழுவதும் தேடி, எத்தனையில் உங்கள் அளவுக்குக் கை-வர்க்கம் குறைகிறது என்று எண்ணிப் பாருங்கள். மடிக்கணினி இரவெல்லாம் ஓடும், அவ்வளவுதான்.

2008-இல் வான், அட்லி என்ற ஆய்வாளர்கள் இருவர் வெளியிட்ட கட்டுரை ஒன்று எனக்கு எப்போதும் நினைவில் நிற்கும். அதுவரை அறிவிக்கப்பட்ட கோடுகளின் வலிமையையும் அவற்றின் பிழை அளவையும் ஒரே படத்தில் அவர்கள் குறித்தபோது, வலிமை குறைந்த கோடுகள் எல்லாம் பிழையும் சிறிதாக இருக்கும்படியே அமைந்திருந்தன; நல்ல தரவு வரவரக் கோடுகள் மேலும் உறுதிப்படுவதற்குப் பதிலாக மெலிந்துகொண்டே போயின. கண்டுபிடித்தவர்கள் வெளியிடுகிறார்கள், கண்டுபிடிக்காதவர்கள் வெளியிடுவதில்லை என்பதன் விளைவு அது. அதற்குப் பிறகு 2010-இல் டோம்பேசி குழுவினர் 42 விண்மீன் மண்டலங்களின் எக்ஸ்எம்எம் தரவை ஒரே முறையில் ஆராய்ந்து, மூன்றில் ஒன்றுக்கும் மேற்பட்டவற்றில் அதிவேகக் காற்று உண்டு என்று காட்டினார்கள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். போலி நிறமாலைச் சோதனையையும் அவர்கள் செய்திருந்தார்கள்.

மேலும், எல்லா உட்கவர் கோடும் காற்றுதான் என்று கட்டாயமில்லை. கருந்துளையைச் சுற்றும் திரள் வட்டின் மேற்பரப்பில் உள்ள வாயுவே, வட்டிலிருந்து எதிரொளிக்கும் எக்ஸ் கதிரை உட்கவர்ந்தாலும் இத்தகைய பள்ளம் உண்டாகலாம். வட்டு சுழலும் வேகமே டாப்ளர் நகர்வைத் தந்துவிடும், வாயு எங்கும் வெளியேற வேண்டியதில்லை என்று காலோவும் ஃபேபியனும் வாதிட்டிருக்கிறார்கள். இரண்டு வெவ்வேறு கருவிகள் காட்டும் வரை நான் எதையும் நம்புவதில்லை.

காரைக்குடி மாணவன் எழுதியது:

ஆச்சிக்கும் ஐயாவுக்கும் மிக்க நன்றி. பின்னணி நிறமாலையைத் தனியே வரைந்தேன், 8.05-இல் ஊசிபோல எழும்பி நிற்கிறது, 7.5-இலும் 8.6-இலும் சிறு மேடுகள் உள்ளன. வட்டத்தை நடுப்பகுதிக்குள் கொண்டுவந்து கழித்ததும் குறுகிய பள்ளம் மறைந்துவிட்டது. 7.6 அகன்ற பள்ளம் அப்படியே இருக்கிறது. மாஸ் கேமராக்கள் இரண்டிலும் மங்கலாக, ஆனால் அதே இடத்தில் தெரிகிறது. ஆயிரம் போலி நிறமாலைகளில் ஒன்றுகூட அந்த அளவு கை-வர்க்கக் குறைவைத் தரவில்லை.

எனவே முதல் ஐயம் தீர்ந்தது. இரண்டாவது ஐயத்தில் இப்போது ஒரு கூடுதல் சிக்கல். எக்ஸ்ரிஸம் கண்ட காற்று கட்டிகட்டியாக இருப்பதாகப் படித்தேன். கட்டிகளுக்கு இடையே வெற்றிடம் என்றால், காற்று சுமக்கும் நிறையும் திறனும் அந்த அளவுக்குக் குறைந்துவிட வேண்டுமே? ஆனால் அறிவிக்கப்பட்ட திறன் முன்பைவிட அதிகமாக இருக்கிறது.

கானாடுகாத்தான் பூர்வீகம் எழுதியது:

வணக்கம். ஊர் கானாடுகாத்தான், பிழைப்பு கடல் கடந்து. எக்ஸ் கதிர் நிறமாலைதான் அன்றாட வேலை என்பதால் சற்று விரிவாகவே எழுத அனுமதிக்க வேண்டுகிறேன்.

முதலில் பகுதிறன். எக்ஸ்ரிஸம் 2023 செப்டம்பரில் ஜப்பானின் தனேகஷிமாவிலிருந்து ஏவப்பட்டது. 2016-இல் ஏவிய சில வாரங்களிலேயே இழந்துபோன ஹிட்டோமி செயற்கைக்கோளின் இடத்தை நிரப்ப வந்தது. அதிலுள்ள ரிசால்வ் கருவி 6-க்கு 6 என்ற சிறு பிக்சல் வரிசை. ஒவ்வொரு பிக்சலும் தனிச்சுழிக்கு மேல் ஒரு பாகையின் இருபதில் ஒரு பங்கு வெப்பநிலையில் வைக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஓர் எக்ஸ் கதிர் ஃபோட்டான் விழுந்தால் பிக்சல் எவ்வளவு சூடேறுகிறது என்பதை அளந்து ஃபோட்டானின் ஆற்றலைச் சொல்லிவிடும். பிழை 5 எலக்ட்ரான் வோல்ட்டுக்குள். தம்பி பயன்படுத்திய கேமராவில் அது 150. நெல் மூட்டை நிறுக்கும் தராசில் கழுத்திருவை வைத்து எடை கேட்பதற்கும் நகைக்கடைத் தராசில் வைப்பதற்கும் உள்ள வேறுபாடு இது.

இதையே வேகமாக மாற்றிப் பாருங்கள். 7 கி.எ.வோ. அருகே 150 எலக்ட்ரான் வோல்ட் என்பது வினாடிக்கு 6,400 கிலோமீட்டர். 5 எலக்ட்ரான் வோல்ட் என்பது 200 கிலோமீட்டர் சொச்சம். எக்ஸ்ரிஸம் 2024-இல் பி.டி.எஸ். 456-ஐ நோக்கியபோது ஒளிவேகத்தில் 0.2 முதல் 0.3 பங்கு வரை ஐந்து தனித்தனி வேகக் கூறுகள் பிரிந்து தெரிந்தன. அந்த வரம்பில் ஐந்து கூறுகளைப் பரப்பினால் அடுத்தடுத்த இரண்டுக்கு இடையே சராசரியாக 7,500 கிலோமீட்டர் அளவே வரும். பழைய கேமராவின் பகுதிறனும் ஏறத்தாழ அதுவே. உங்கள் படத்தில் இரு கரைகளும் மெல்லச் சரியும் ஒற்றைப் பள்ளம் ஏன் தெரிகிறது என்பதற்கு இதைவிட விளக்கம் தேவையில்லை. பள்ளத்தூர் ஐயாவுக்கும் ஒரு சொல்: இந்தக் குவாசரைப் பொறுத்தவரை நீங்கள் கேட்கும் இரண்டு கருவி நிபந்தனை எப்போதோ நிறைவேறிவிட்டது. எக்ஸ்எம்எம், சுசாகு, நியூஸ்டார், இப்போது எக்ஸ்ரிஸம் என்று நான்கு செயற்கைக்கோள்கள் பார்த்துவிட்டன. ஐயப்பட இடமிருப்பது மங்கலான மற்ற மண்டலங்களில்தான்.

அடுத்து, திறனுக்குப் போகும் வழி. காற்று ஆண்டுக்குச் சுமந்து செல்லும் நிறையை அறிய நான்கு அளவுகளைப் பெருக்க வேண்டும்: நம் பார்வைக் கோட்டில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை அணுக்கள், வேகம் என்ன, கருந்துளையிலிருந்து எவ்வளவு தொலைவில், வானக் கோளத்தில் எவ்வளவு திண்மக் கோணத்தில், அதாவது எல்லாத் திசைகளிலும் எத்தனை பங்கில், காற்று வீசுகிறது. முதலிரண்டும் கோட்டின் ஆழத்திலிருந்தும் இடத்திலிருந்தும் ஓரளவு நேரடியாகவே கிடைக்கின்றன. கடைசி இரண்டும் கிடைப்பதில்லை. பூசலெல்லாம் அங்கேதான்.

தொலைவை நேரே அளக்க முடியாததால் இரண்டு எல்லைகளுக்கு நடுவே அடைக்கிறார்கள். கீழ் எல்லை, காற்றின் வேகம் விடுபடு வேகத்துக்குச் சமமாகும் இடம். நூறு கோடிச் சூரிய நிறையுள்ள கருந்துளைக்கு, 0.25 பங்கு வேகம் என்றால் அது கருந்துளை ஆரத்தைப்போல 16 மடங்கு. ஒளி இரண்டு நாளுக்குள் கடந்துவிடும் தொலைவு. மேல் எல்லை, இரும்பின் எலக்ட்ரான்களை இந்த அளவுக்குக் கழற்றிவைக்க எவ்வளவு அருகில் இருந்தாக வேண்டும் என்பதிலிருந்து வருகிறது. டோம்பேசி குழு 2012-இல் தாம் ஆராய்ந்த மண்டலங்கள் முழுமைக்கும் கணக்கிட்டபோது இடைவெளி கருந்துளை ஆரத்தைப்போல நூறு மடங்கிலிருந்து பத்தாயிரம் மடங்கு வரை விரிந்தது. திறன் தொலைவுக்கு நேர்விகிதத்தில் இருப்பதால் விடையும் அதே அளவுக்கு விரியும்.

திண்மக் கோணத்தில்தான் 2015 ஒரு திருப்பம். நார்டினி குழு எக்ஸ்எம்எம்மையும் நியூஸ்டாரையும் ஒரே நேரத்தில் இந்தக் குவாசர் மீது திருப்பி, உட்கவர் பள்ளத்துக்கு அருகிலேயே அதே அயனி உமிழும் அகன்ற மேட்டையும் கண்டது. நம் பார்வைக் கோட்டில் உள்ள வாயு பள்ளத்தைத் தரும். மற்ற எல்லாத் திசைகளிலும் போகும் வாயு மேட்டைத் தரும். மேடு அவ்வளவு வலுவாக இருக்க வேண்டுமானால் காற்று ஏறத்தாழ எல்லாப் பக்கமும் வீச வேண்டும். அதை வைத்துக் கணக்கிட்ட இயக்க ஆற்றல் திறன் வினாடிக்கு 10-இன் 46-ஆம் அடுக்கு எர்க். குவாசரின் மொத்த ஒளிர்வில் ஐந்தில் ஒரு பங்கு. விண்மீன் மண்டலத்தின் வாயுவை வெளியேற்றி விண்மீன் பிறப்பைத் தடுக்க ஒளிர்வில் 5 விழுக்காடு போதும் என்று 2005 காலத்துக் கணிப்பொறி மாதிரிகள் கூறின. அரை விழுக்காடே போதும் என்றும் பின்னர் சொல்லப்பட்டது. "மண்டலம் முழுவதையும் பாதிக்கும்" என்ற வாக்கியம் இந்த ஒப்பீட்டிலிருந்து வருவதாகும்.

இப்போது உங்கள் கட்டிகள். கட்டி என்றவுடன் நிறை குறைய வேண்டும் என்ற எண்ணம், தொலைவையும் சேர்த்துப் பார்க்காதபோது சரி. வெற்றிடம் நிறைந்த காற்று என்றால் அதே எண்ணிக்கையுள்ள அணுக்கள் சிறிய இடத்தில் அடர்ந்திருக்க வேண்டும். அதே அயனி நிலைக்கு அடர்ந்த வாயு கருந்துளைக்கு அருகில் இருந்தாக வேண்டும். அருகில் என்றால் நிறைப் பெருக்கு குறையும். ஆனால் எக்ஸ்ரிஸம் தரவில் ஐந்து கூறுகளும் தனித்தனியாகத் தம் அணுக்களுடன் வந்து சேர்கின்றன. கட்டிகளின் எண்ணிக்கை பத்து லட்சம் வரை இருக்கலாம் என்று எக்ஸ்ரிஸம் குழு மதிப்பிட்டு, உமிழ்வு மேட்டையும் சேர்த்துப் பொருத்தியபோது நிறைப் பெருக்கு ஆண்டுக்கு 60 முதல் 300 சூரிய நிறை என்று வந்தது. திறன் எடிங்டன் ஒளிர்வையே மிஞ்சுகிறது. அதாவது கருந்துளையின் ஈர்ப்பு தாங்கக்கூடிய உச்ச ஒளிர்வைவிடக் காற்றின் இயக்க ஆற்றல் திறன் அதிகம்.

எனக்கு இந்த எண்ணைவிட அதற்கு அடுத்த வரிதான் முக்கியமாகப் படுகிறது. இதே மண்டலத்தில் வெகு தொலைவில், மண்டல அளவில் நகரும் வாயுவின் திறனை ஏற்கெனவே அளந்திருக்கிறார்கள். மையக் காற்றின் திறன் அதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேல். உந்தம் பத்து மடங்கு. மையத்தில் கிளம்பிய ஆற்றல் முழுவதும் வெளி வாயுவைத் தள்ளியது என்ற மாதிரியும், உந்தம் மட்டும் போய்ச் சேர்ந்தது என்ற மாதிரியும் ஒருசேரப் பொருந்தாமல் போகின்றன. குவாசரின் வாழ்நாளில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான காலமே இப்படி வீசுகிறது என்று கொள்ளலாம். அல்லது கட்டிகள் இடைவெளிகளின் வழியாக வெளி வாயுவை அதிகம் தொடாமலே போய்விடுகின்றன என்று கொள்ளலாம். பகுதிறன் கூடியதால் காற்று உண்டென்பது உறுதியானது. அந்தக் காற்று மண்டலத்தை மாற்றுகிறது என்ற பழைய கதை முன்பிருந்த அளவுக்கு எளிதாக இல்லை. உங்கள் திட்டக் கட்டுரையில் இந்த முரணுக்கு ஒரு பக்கமாவது ஒதுக்குங்கள்.

கண்டனூர் ஆச்சி எழுதியது:

மேலே உள்ள விளக்கத்துக்குப் பின் எனக்கு எழுத அதிகமில்லை. தம்பி முதல் பதிவில் கேட்டு நடுவில் விட்டுப்போன 6.70, 6.97 தேர்வைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

திறன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். 0.25-க்குப் பதில் 0.29 என்று கொண்டாலே திறன் ஏறத்தாழ ஒன்றரை மடங்காகிவிடும். ஒற்றைப் பள்ளத்தை வைத்துக்கொண்டு இரண்டில் எது என்று தீர்மானிக்க வழியில்லை. ஒரே அயனியின் அடுத்த கோட்டைத் தேடலாம்: ஓர் எலக்ட்ரான் இரும்புக்கு அது 8.25 கி.எ.வோ., இரண்டு எலக்ட்ரான் இரும்புக்கு 7.88. உங்கள் குவாசரில் 0.25 பங்கு வேகத்துக்கு முதலாவது 9.0 கி.எ.வோ. அருகே வந்து விழ வேண்டும். அங்கே ஃபோட்டான்கள் மிகக் குறைவு என்பதால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம். அயனியாக்க மாதிரி அட்டவணை ஒன்றை எக்ஸ்ஸ்பெக்கில் ஏற்றி, இரண்டு கோடுகளையும் சேர்த்தே பொருத்துவது மேல்.

அப்படிச் செய்த பிறகும் இரண்டு தீர்வுகளும் ஒட்டினால், இரண்டு வேகங்களையும் அட்டவணையில் பக்கத்துப் பக்கத்து நெடுவரிசைகளில் எழுதுங்கள். தேர்வாளர் ஒன்றைத்தான் கேட்பார் என்று அஞ்சி ஒன்றை அடித்துவிட வேண்டாம். பின்னணி வட்டத்தின் மையமும் ஆரமும் எவ்வளவு என்பதையும் அதே அட்டவணைக்குக் கீழே குறித்துவிடுங்கள். செம்பைப் பற்றி அறிந்த எவரும் முதலில் அதைத்தான் தேடுவார்கள்.